நடைச் சுவருக்கு வந்த நல்ல தண்ணீர்

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு ராயபுரம் வீட்டுக்குள் நுழைந்தேன். முதலில் கண்ணில் பட்டது வாசல் நடையின் இடப்புறச் சுவர். தரையிலிருந்து மேல்வரை ஒரே வெள்ளை. விரலால் தொட்டுப் பார்த்தேன், மாவு ஒட்டவில்லை. அதற்குப் பிறகுதான் கூடத்தில் அண்ணனைக் கிடத்தியிருந்த பெஞ்சைப் பார்த்தேன்.

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பெரும்பாலோர் அன்று அந்தச் சுவரைக் கடந்துதான் உள்ளே வந்தீர்கள். அது எப்படி அப்படி ஆனது என்பது சிலருக்கே தெரியும். தங்கை என்ற முறையில் அதை எழுதி வைக்கிறேன்.

அண்ணன் பிறந்தது அவிநாசிபாளையத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்து வீட்டில். கிணறு வற்றிய ஆண்டில், பதினேழு வயதில், திருப்பூருக்குப் பேருந்து ஏறினார். ஒரு சாயப்பட்டறையில் வேலை கிடைத்தது. துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். உப்பு மூட்டைகளைச் சுமந்து வந்து தொட்டியில் கொட்டுவதுதான் முதல் வேலை. பிறகு சாய மாஸ்டர் ஆனார். அந்தச் சம்பளத்தில்தான் நான் கல்லூரியில் படித்தேன். பின்னர் கோவையில் ஒரு நாளிதழில் பிழை திருத்தும் வேலைக்குச் சேர்ந்தேன். அதே சம்பளத்தில் அவர் ராயபுரத்தில் இரண்டரை சென்ட் வாங்கி வீடு கட்டினார். இருபது ஆண்டுகள் கழித்து மூச்சு வாங்கத் தொடங்கியதும் பட்டறையை விட்டு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதிக்கு மாறினார்.

வீடு கட்டியபோது ஒரு தவறு நடந்தது. திருப்பூர் வீடுகளில் இரண்டு குழாய் உண்டு. ஒன்றில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர்த் தண்ணீர். வாயில் வைக்க முடியாத உப்பு. மற்றதில் எட்டு நாளைக்கு ஒரு முறை வரும் ஆற்றுத் தண்ணீர். அதைத்தான் நல்ல தண்ணீர் என்போம். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் அது. அண்ணன் அவசரத்தில் போர்த் தண்ணீரிலேயே கலவை குழைக்கச் சொன்னார். நான்காம் ஆண்டில் நடைச் சுவர் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்தது. பெயிண்ட் கொப்பளித்து உதிர்ந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் பூசினார். ஒவ்வொரு சித்திரையிலும் உதிர்ந்தது.

அண்ணன் மகள் பூங்கொடியைப் பெண் பார்க்க முதலில் வந்த குடும்பத்தில் ஓர் அம்மா நடையில் நாற்காலி போட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எழுந்தபோது அரக்குப் பட்டின் முதுகு முழுக்க வெள்ளை.

"பொண்ணப் பாக்க வந்தோமுங்களா, உப்பு மண்டிக்கு வந்தோமுங்களா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. பூங்கொடி மட்டும் அன்று மாலை ஒரு துணியை எடுத்து அந்தச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதை அண்ணன் பார்த்துவிட்டார்.

அடுத்த தையில் வெள்ளகோவிலில் இருந்து ஒரு சம்பந்தம் கூடி வந்தது. உப்பும் சர்க்கரையும் மாற்றிக் கல்யாணத்தை உறுதி செய்யும் உப்புச் சர்க்கரைக்கு நாள் குறித்தார்கள். ஐந்து வாரம் இருந்தது. அதற்குள் நடையைச் சரி செய்துவிடுவது என்று அண்ணன் முடிவு செய்தார்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து திருப்பூரில் தங்கிவிட்ட பெயிண்டர் ஆரோக்கியம் வேலையை எடுத்துக்கொண்டார். பழைய பெயிண்டைச் சுரண்டினார், கம்பி பிரஷ் போட்டார், உப்புத்தாள் தேய்த்தார், பிறகு ப்ரைமர் ஒரு கை அடித்தார். ஆறாம் நாள் ப்ரைமருக்கு மேலேயே உப்பு பூத்தது. ப்ரைமரைக் கரைத்தது போர்த் தண்ணீரில்.

"எங்க ஊர்ல கெணத்துத் தண்ணியத்தான் ஊத்துவோம் அண்ணாச்சி, ஒண்ணும் ஆவாது. இங்க செவரு மாவு பூசுன மாரில்லா நிக்கி" என்றார் ஆரோக்கியம்.

"கொழாயக் காட்டுனது நானுங்க. உங்க மேல தப்பில்லீங்க" என்றார் அண்ணன்.

உறவினர் ஒருவர், பிளாஸ்டிக் பலகை அடித்து மறைத்துவிட்டால் ஒரே நாளில் முடியும் என்றார். அண்ணன் ஒப்பவில்லை. "அவுங்க புள்ளயக் கேட்டு வர்றாங்க. முன்னால ஒரு பலகையப் புடிச்சுட்டு நிக்கறதுங்களா?" என்று கேட்டார். பிறகு, அன்று வந்திருந்த என் பக்கம் திரும்பி, "அது பட்டறையில நாங் கொட்டுன உப்புத்தான் அம்மிணி. மண்ணுல எறங்கி, போர்ல ஏறி, ஊட்டுக்கே வந்திருக்குது" என்றார்.

உப்புச் சர்க்கரைக்கு இன்னும் இருபத்தேழு நாள் இருந்தது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அவரும் ஆரோக்கியமும் இடுப்பு உயரம் வரை பூச்சைக் கொத்தி, செங்கல் தெரியும் வரை எடுத்தார்கள். செங்கல்லை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நல்ல தண்ணீரில் கலவை குழைத்துப் பூச வேண்டும். ஏழு நாள் நல்ல தண்ணீர் விட்டே நனைக்க வேண்டும். வீட்டில் இருந்ததோ ஒரு டிரம்மும் நான்கு குடமும். எங்கள் பக்கத்தில் அண்ணியை நங்கையா என்போம். நங்கையாவுக்கு மனம் வரவில்லை.

"குடிக்கற தண்ணியச் செவுத்துக்கு ஊத்தறதாமா? கேக்கறவிய சிரிக்க மாட்டாங்களா?"

எதிர்வீட்டு மரகதம் அக்கா கேட்டார், சிரிக்கவும் செய்தார். "ஏனுங்க, உங்கூட்டுச் செவுத்துக்குத் தாகமுங்களா? உப்பு மாப்ள ஊட்டுக்காரங்க கொண்டாருவாங்க. செவுத்துல இருந்து நீங்க எடுத்துக் குடுக்க வேண்டாமுங்க."

மறுநாள் காலை வாசற்படியில் ஒரு பச்சைக் குடம் இருந்தது. மூடியைத் தூக்கி நங்கையா ஒரு வாய் குடித்துப் பார்த்தார். நல்ல தண்ணீர். குடத்தின் கழுத்தில் நகப்பூச்சால் 'ம' என்று எழுதியிருந்தது. அதற்கடுத்த நாள் மூன்று குடம். அண்ணன் யாரிடமும் கேட்கவில்லை. கொடுத்தவர்களும் சொல்லிவிட்டு வைக்கவில்லை. சுவர் நனைந்த ஏழு நாளும் குடங்கள் வந்தன. ஒவ்வொரு மாலையும் அண்ணன் வேலை முடிந்து வந்து, காலிக் குடங்களைக் கழுவி, அதனதன் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தார்.

பிறகு இரண்டு வாரம் மின்விசிறியைச் சுவருக்குத் திருப்பி வைத்துக் காய விட்டார்கள். கடைசி மூன்று நாளில் பட்டி பார்த்து, ப்ரைமர் இரண்டு கை அடித்தார் ஆரோக்கியம். இந்த முறை கரைத்தது மரகதம் அக்காவின் குடத்துத் தண்ணீரில். வண்ணம் பூச நாள் இல்லை. உப்புச் சர்க்கரை அன்று சுவர் ப்ரைமரோடுதான் நின்றது.

மாப்பிள்ளையின் தாயார் கருநீலப் புடவையில் வந்து அதே இடத்தில் உட்கார்ந்து சாய்ந்தார். அண்ணன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு மணி நேரம் கழித்து அந்த அம்மா எழுந்தார். அண்ணன் பின்னால் போய் அவர் முதுகைப் பார்த்தார். கருநீலம் கருநீலமாகவே இருந்தது. அந்த அம்மா திரும்பி, "என்னங்கண்ணா, ஏதாச்சும் தேடறீங்களா?" என்றார்.

"இல்லீங்க, ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார்.

பூங்கொடியின் கல்யாணம் நன்றாக நடந்தது. வண்ணம் பூசவில்லையா என்று கேட்டவர்களிடம், "ரெண்டு மழ பாத்துட்டுப் பூசலாமுங்க" என்றார். ஒரு மழை பார்த்தார். இரண்டாம் மழைக்கு முன்பே மூச்சுத் திணறல் கூடியது. மருத்துவமனையில் பதினொரு நாள் இருந்தார். வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டு வந்தார். நடையில் கட்டில் போடச் சொன்னார். பன்னிரண்டாம் நாள் விடியுமுன் காலமானார்.

இரவும் பகலும் அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், தோள் கொடுத்த செக்கிங் பகுதித் தோழர்களுக்கும், வேலையை விட்டுவிட்டு வந்து பந்தல் போட்ட ஆரோக்கியத்துக்கும், நங்கையாவைத் தனியே விடாத எங்கள் வீதிப் பெண்களுக்கும், வெள்ளகோவில் சம்பந்தி வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. பெயர் விடுபட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அன்று காலை எட்டு மணிக்கு அண்ணனைக் குளிப்பாட்ட நடைக்குக் கொண்டு வந்தோம். சுவரோரம் குடங்கள் வரிசையாக இருந்தன, முதலில் 'ம' எழுதிய பச்சைக் குடம். எண்ணினேன், பத்தொன்பது. ஆற்றுத் தண்ணீர் வர இன்னும் மூன்று நாள் இருந்தது.