நான் சொல்லாமல் விட்ட மாத்திரை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொங்கலுக்குச் சென்னை போய்விட்டு டெக்ஸஸில் நாங்கள் இருக்கும் சுகர் லேண்டுக்குத் திரும்பிய சில வாரங்களில் என் கணவருக்குக் காய்ச்சல் வந்தது. கொதிக்கிற காய்ச்சல் எல்லாம் இல்லை. சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருக்கும், லேசாகக் குளிரும். காலையில் சரியாகி, ஃப்ரீவேயில் ஒரு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு ஆபீஸ் போய்விடுவார்.

இந்த இடத்தில் என் பெருமையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு முறை ஊருக்குப் போய் வரும்போதும் பருப்புப் பொடி, ஊறுகாயோடு ஒரு ஜிப்லாக் பை நிறைய மாத்திரைகளும் கொண்டு வருவேன். தொண்டை வலி, வயிற்றுக் கோளாறு, சளி, ஜுரம் எல்லாவற்றுக்கும் அதில் மருந்து உண்டு. இங்கே அப்பாயின்ட்மென்ட் வாங்கிப் போய், "வைரஸ்தான், தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று கேட்டுவிட்டு வருவதற்குள் என் பை காரியத்தை முடித்துவிடும். தெரிந்தவர்கள் பாதிப் பேர் டாக்டருக்கு முன்னால் எனக்குத்தான் போன் பண்ணுவார்கள். "அக்கா, தொண்டை ஒரே பெயின், உங்க ஸ்டாக்ல என்ன இருக்கு?" நான் படித்தது கம்ப்யூட்டர். ஆனால் ஆன்டிபயாடிக் பெயர்களை நான் சொல்கிற வேகத்தைக் கேட்டால் எம்.பி.பி.எஸ். என்றுதான் நினைப்பீர்கள். அவ்வளவு மிதப்பு.

சென்னையில் இருந்தபோது என் கணவர் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். இங்கே பல் டாக்டரிடம் போனால் கட்டுப்படியாகாது என்று ஊருக்குப் போகும்வரை தள்ளிப்போட்ட பல் அது. அதற்குக் கொடுத்த ஆன்டிபயாடிக்கில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, வலி போனதும் நிறுத்திவிட்டார். மீதி என் பைக்கு வந்தது. காய்ச்சலுக்கு அதைத்தான் மூன்று நாள் கொடுத்தேன். காய்ச்சல் நின்றது. பத்து நாள் கழித்துத் திரும்ப வந்தது. வேறொரு அட்டையிலிருந்து மூன்று நாள் கொடுத்தேன், நின்றது. மூன்றாவது முறையும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் "பாத்தீங்களா?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். மனுஷர் இளைத்துக்கொண்டே போனதை வெயிட் குறைகிறது, நல்லதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் மாடிப்படி பாதி ஏறியவர் மூச்சு வாங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அட்மிட் பண்ணிவிட்டார்கள்.

எமர்ஜென்சியில் டாக்டர் கேட்ட முதல் சில கேள்விகளில் ஒன்று, சமீபத்தில் ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா என்பது. நான் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் டாக்டர் சீட்டு இல்லாமல் வெளிநாட்டு மருந்தை நானே கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? ஏதாவது கேஸ் ஆகிவிடுமோ? அந்த டாக்டர் வேறு நம்மூர் முகம், இன்னும் கேவலம். என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு டாக்டரிடம் "நோ" என்றார். முதலில் அப்படிச் சொல்லிவிட்டதால் அடுத்து வந்த ஒவ்வொருவருக்கும் அதே "நோ"தான். நாலு மாத்திரையில் என்ன வந்துவிடப் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நாலு நாள் போயிற்று. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்டில் எதுவும் வளரவில்லை. நெஞ்சின் மேல் வைத்து இதயத்தை எடுத்த எக்கோ படமும் தெளிவாக இல்லை. இந்தியா போய் வந்ததால் டி.பி.யா என்று பார்த்தார்கள், புற்றுநோயா என்று ஸ்கேன் எடுத்தார்கள். கடைசியில், கிருமி இல்லை, உடம்பு தன்னைத்தானே தாக்கிக்கொள்கிற வியாதியாக இருக்கலாம், நாளைக் காலையில் ஸ்டீராய்டு ஆரம்பிக்கலாம் என்றார்கள். வியாதிக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டதே என்று நிம்மதியாகக்கூட இருந்தது எனக்கு.

அன்று மத்தியானம் அந்த வார்டின் ஃபார்மசிஸ்ட் வந்தார். பிலிப்பைன்ஸ்காரப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். முதல் நாளே வந்து மருந்து விவரமெல்லாம் எழுதிக்கொண்டு போனவர். இப்போது டியூட்டி முடிந்து, கோட்டைக் கழற்றிவிட்டு, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியிருந்தார். கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். என்னை மட்டும் காபி குடிக்க வாருங்கள் என்று வெயிட்டிங் ரூமுக்கு அழைத்துப் போனார்.

மாத்திரை கொடுத்தீர்களா என்று அவர் கேட்கவே இல்லை. தன் போனில் ஒரு படம் காட்டினார். ஒரு பிஸ்கட் டின், அது நிறைய மாத்திரை அட்டைகள். தன் அம்மாவுடையதாம், மணிலாவிலிருந்து ஒவ்வொரு தடவையும் வாங்கி வந்து சேர்த்ததாம். சிரித்துக்கொண்டே, "எங்கள் வீட்டில் காய்ச்சல் என்றால் இந்த டின்தான் திறக்கும். உங்கள் வீட்டில் என்ன கொடுப்பீர்கள்?" என்று கேட்டார்.

அத்தனையும் கொட்டிவிட்டேன். பல் பிடுங்கிய கதையும் சேர்ந்து வந்தது.

அவர் முகம் மாறவில்லை. "மருந்தில்லாமலே காய்ச்சல் மூன்று தடவை வந்து வந்து நின்றதாக எழுதியிருந்தது. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது" என்றார். அந்தப் பையை எடுத்துவர முடியுமா என்று கேட்டார். நான் வீட்டுக்குப் போய்த் திரும்பும்வரை, வேலை நேரம் முடிந்த பிறகும், அங்கேயே உட்கார்ந்திருந்தார். மேஜையில் அட்டைகளைப் பரப்பி, எது, எந்தத் தேதி, எத்தனை என்று எழுதிக்கொண்டார். அரைகுறையாகக் கொடுத்த மருந்து கிருமியைக் கொல்லாது, மயக்கி மட்டும் வைக்கும், அதனால் டெஸ்டில் அது தெரியாமல் போயிருக்கலாம், இந்த நிலையில் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமிக்குக் கொண்டாட்டம் என்று விளக்கினார்.

உடனே டாக்டரை வரவழைத்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத் தலையைக் குனிந்து நின்றேன். ஆனால் ஃபார்மசிஸ்ட் அம்மா அவரிடம் சொன்னது இதுதான்: "இவர் ரொம்ப முக்கியமான ஒரு தகவலைக் கொண்டு வந்திருக்கிறார். இது இல்லாவிட்டால் நமக்குத் தெரிந்திருக்காது." நாலு நாள் நான் மூடி மறைத்தது அவருக்குத் தெரியும். தெரிந்தே அப்படிச் சொன்னார். அங்கேயே அழுதுவிட்டேன்.

ஸ்டீராய்டை நிறுத்தி வைத்தார்கள். மறுநாள் தொண்டை வழியாகக் குழாய் விட்டு இதயத்தைப் படம் எடுத்தார்கள். ஒரு வால்வில் கிருமிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. இன்ஃபெக்டிவ் எண்டோகார்டைடிஸ் என்றார்கள். பிறவியிலேயே அந்த வால்வில் ஒரு சின்னக் குறை இருந்திருக்கிறது, ஐம்பது வயது வரை யாருக்கும் தெரியவில்லை. திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துக் கல்ச்சர் செய்ததில் மூன்றாம் நாள் கிருமியும் பிடிபட்டது. வாயில் இருக்கிற சாதாரணக் கிருமி, பல் பிடுங்கியபோது ரத்தத்தில் கலந்திருக்க வேண்டும் என்றார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வால்வு கிழிந்திருக்கலாம், அந்தக் கொத்திலிருந்து ஒரு துணுக்கு மூளைக்குப் போயிருக்கலாம். ஆறு வாரம் நரம்பு வழியாக மருந்து ஏறியது. ஆபரேஷன் இல்லாமல் தப்பித்தார். லேசான கசிவு இருக்கிறது, அடிக்கடி எக்கோ எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் அவருக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்த ஒரு நாள் கேட்டேன். "அன்னிக்கு டாக்டர் கேட்டப்போ ஏங்க நோன்னு சொன்னீங்க?"

"நீ பக்கத்துலயே நின்னுட்டிருந்த. உன் மூஞ்சியப் பாத்தேன். அத்தன பேர் முன்னாடி உன்ன எப்படி மாட்டி விடறது?"

"உயிர் போற விஷயம்ங்க!"

"அது அப்ப தெரியலையே" என்று சிரித்தார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

சிகிச்சை முடிந்த பிறகு முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு அந்த ஃபார்மசிஸ்ட்டைப் பார்க்கப் போனேன். அத்தனை டாக்டர்கள் கேட்டும் வராத உண்மை உங்களிடம் மட்டும் எப்படி வந்தது என்று கேட்டேன். முறுக்கு டப்பாவை வாங்கி மேஜை மேல் வைத்தார். பிறகு, "பல வருடங்களுக்கு முன்னால், என் அப்பா படுத்திருந்த கட்டில் பக்கத்தில் நின்று, டாக்டர் இதே கேள்வியைக் கேட்டதற்கு நானும் 'இல்லை' என்று சொல்லியிருக்கிறேன்" என்றார். அப்பா அந்தக் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவே இல்லையாம்.

தான் இழந்ததை நான் இழந்துவிடக் கூடாது என்று வேலை நேரம் முடிந்த பிறகும் காத்துக்கொண்டிருந்த அந்த அம்மாவை நினைக்கும்போதெல்லாம், ஒருவர் பயமில்லாமல் உண்மையைச் சொல்லும்படி கேட்கத் தெரிவதும் உயிர் காக்கிற வைத்தியம்தான் என்று தோன்றுகிறது.