நூற்றுப் பதினெட்டாம் பாட்டு

வண்ணார்பேட்டை ஜெபசீலன் பஞ்சுக் கிட்டங்கியில் குமாஸ்தா. சம்பளம் கைக்கு வந்தால் முதலில் செம்புக் கம்பி வாங்குவான், அப்புறம்தான் அரிசி. அந்தக் கம்பியைச் சுற்றிச் செய்த மின்சுருளை அவன் முடுக்கினால் இரண்டு பித்தளைக் குண்டுகளுக்கு நடுவே பொறி சடசடக்கும். முற்றத்துத் தென்னையில் கட்டிய கம்பி வழியாக அது ஆகாயத்தில் ஏறி, பாளையங்கோட்டையில் மச்சான் கிருபைராஜ் வீட்டில் ஒரு சின்ன மணியை அடிக்கும். இரண்டு வீட்டுக்கும் இடையில் கம்பியே கிடையாது! மணியடிக்கும் அந்தக் கருவியையும் ஜெபசீலன்தான் செய்து கொடுத்திருந்தான்.

கிருபைராஜ், ஜெபசீலன் பெண்டாட்டி சாலோமியின் அண்ணன். காலேஜில் பௌதிக ஆசிரியர். வேதக்கோயிலில் முன்னால் நின்று பாட்டு எடுத்துக் கொடுப்பவரும் அவரே.

எழுத்தெழுத்தாக அடித்துச் செய்தி சொல்ல யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஞானப்பாட்டுப் புத்தகத்தின் எண்களையே இருவரும் பாஷையாக்கிக்கொண்டார்கள். காலைப் பாட்டு என்றால் எல்லாரும் சுகம். அடக்க ஆராதனைப் பாட்டு என்றால் மின்கலம் சாகக் கிடக்கிறது. நூற்றுப் பதினெட்டு அறுப்பின் பண்டிகைப் பாட்டு. ஒன்று, ஒன்று, எட்டு என்று மணி அடித்தால் சாலோமி மீன் குழம்பு வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். குழம்பு ஆறுமுன் கிருபைராஜ் வாசலில் நிற்பார்.

சாப்பாட்டோடு வாதமும் நடக்கும்.

"பாவநாசத்துல மழை கொட்டுத நிமிசமே, ஆத்துல வெள்ளம் வருமுன்ன, இங்கன துறையில துவைக்கவளுக்குத் தெரியணும் மச்சான். அதுக்குத்தான் இது. ஆகாசத்துக்கு எவன் பட்டா வச்சிருக்கான்?" என்பான் ஜெபசீலன்.

"வீட்டுல செஞ்சா வெளையாட்டு மாப்ளே, காலேஜுல செஞ்சாத்தான் ஆராய்ச்சி. சர்வகலாசாலைக்கு எழுதுவோம், ரெண்டு பேரு பேரையும் போட்டு."

'ரெண்டு பேரு' என்றதும் ஜெபசீலனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். பாவி மனுஷன், நம்பினான்.

தொள்ளாயிரத்துப் பதினாலில் ஜெர்மன் சண்டை மூண்டது. கம்பியில்லாத் தந்திக் கருவியைத் தனியார் வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டுப் போன சமயம் வேறு. கண்டவனெல்லாம் வேவுகாரனாகத் தெரிந்தான். ஜெபசீலன் தென்னையிலிருந்து கம்பியைக் கழற்றுமுன் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். சுவரில் கரியால் எழுதிய எண்களைத்தான் முதலில் பார்த்தார்.

"என்னவே இது? நூத்திப் பதினெட்டு, நூத்திப் பதினெட்டுன்னு?"

"ஞானப்பாட்டு ஐயா. மீன் குழம்புன்னு அர்த்தம்."

வாசலில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. சாலோமி புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினாள்.

"புஸ்தகத்துல எல்லா எண்ணும்தான் இருக்கும். மணியைக் கேட்டவரு வந்து சொல்லட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஜெபசீலனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்த ஒரு சொல்லுக்கு மச்சானை விட்டால் வேறு யார்? ஆளனுப்பினார்கள். கிருபைராஜ் வந்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாப்பிள்ளைக்குக் கம்பிக் கிறுக்கு உண்டுங்கய்யா. அந்த எண்ணெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கிட்ட கருவியும் கெடையாது."

"அண்ணே!" என்றாள் சாலோமி. அவர் பைய நடந்து தெருமுனை தாண்டிவிட்டார்.

அவர் வீட்டு மணிக் கருவி முந்தின நாளே காலேஜ் அலமாரிக்குள் போய், காலேஜ் சொத்து என்று சீட்டு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கதை பிற்பாடுதான் வெளியே வந்தது.

ஜெபசீலனை விலங்கு மாட்டி வண்ணார்பேட்டையே பார்க்கக் கூட்டிப்போனார்கள். வேவு பார்த்ததற்குச் சாட்சி இல்லை என்று கடைசியில் விட்டார்கள். சுருளும் பித்தளைக் குண்டுகளும் திரும்பி வரவில்லை. கிட்டங்கியில் அவன் நாற்காலியில் வேறு ஆள் இருந்தான். அதையெல்லாம் அவன் தாங்கிக்கொண்டான். தன் வீட்டுச் சோற்றைத் தின்ற வாய், 'அது எங்க மீன் குழம்புதான்' என்று சொல்லாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

அறுப்பின் பண்டிகை வந்தது. ஜெபசீலன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"நூற்றுப் பதினெட்டு" என்றார் குருவானவர்.

எல்லாரும் பக்கத்தைத் தேடிப் புரட்டினார்கள். கிருபைராஜ் கையில் புத்தகமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, முதல் அடியைக் கணீரென்று எடுத்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து சாலோமி திரும்பி ஜெபசீலனைப் பார்த்தாள். கோயில் முழுக்கப் பாடியது. ரெண்டு பேர் மட்டும் பாடவில்லை.