ரோச்சின் காய்

ஜெரால்டுக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. பகல் முழுக்கக் கன்டெய்னர் நம்பர்களோடு மல்லுக்கட்டுவான். நாலு பேர் கூடிய இடத்தில் வாயில் கொழுக்கட்டைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் லேப்டாப்பைத் திறந்து ஹெட்போனை மாட்டிவிட்டால் ஆள் மாறிவிடுவான். பாண்டியன் காலத்துக் கொற்கைத் துறைமுகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை ஆட்டிப்படைப்பான்.

அது ஒரு கதையாட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆட வேண்டிய ஆட்டம். எங்கள் ஊரில் எவன் சேர்ந்தாற்போல் ஒரு மேஜையில் உட்காருகிறான்? ஒருவன் துபாயில், ஒருவன் கப்பலில். அதனால் ஜெரால்டு மென்பொருளைப் பிடித்தான். இன்றைக்கு வாழையும் நெல்லும் நிற்கிற கொற்கையின் சாட்டிலைட் படத்தை எடுத்து, அதன்மேல் பழைய கடலை வரைந்தான். நாங்கள் போகாத இடங்களைத் திரையில் இருட்டு மூடியிருக்கும். அவரவர் காயை நகர்த்த நகர்த்த அது விலகும். ஒரு பட்டனை அழுத்தினால் அன்றைக்கு மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றா, கிழக்கிலிருந்து வரும் கொண்டலா, எவ்வளவு வேகம் என்று சொல்லும். அந்தக் காற்றுக்கு நிரல் எழுதுவதற்காக ஆபீசுக்கு லீவு போட்ட கிறுக்கன் அவன்.

ரோச்சும் ஸ்டெபியும் எங்களோடு ஆடினார்கள். ரோச், மாலத்தீவுக்குக் காய்கறியும் ஜல்லியும் ஏற்றிப்போகிற தோணியில் இன்ஜின் பார்ப்பவன். ஸ்டெபி அவன் மனைவி, ஜெராக்ஸ் கடையில் வேலை. மாலேயில் சரக்கு இறங்குகிற நாட்களில் ரோச் அங்கிருந்தே ஆடுவான். புருஷனோடு பேச அதுவும் ஒரு சாக்கு என்று சேர்ந்தவள், அவனைவிட நன்றாக ஆடினாள். ஆட்டத்தில் அவன் முத்துக்குளிக்கிறவன். குளிக்கிறவனின் கயிற்றைப் படகிலிருந்து மைத்துனன்தான் பிடிப்பான் என்பது பழைய வழக்கம். அதெல்லாம் முடியாது, கயிறு என் கையில்தான் என்று சண்டை போட்டு வாங்கிக்கொண்டாள்.

ஜெரால்டு ஒரு சட்டம் வைத்திருந்தான். கடலில் இருப்பவன் காயை யாரும் தொடக்கூடாது, அதற்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது. எங்கள் வீடுகளில் கடலுக்குப் போனவனைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை வாயில் வராது. ஆட்டத்துக்குள்ளும் அதே வழக்கம் வந்துவிட்டது. ரோச் கடலில் இருக்கும் வாரங்களில் அவன் காய் வரைபடத்தின் ஓரத்தில் சும்மா நிற்கும்.

ஒரு புயலில் அவன் தோணி கவிழ்ந்தது. மற்றவர்களை வழியில் வந்த ஒரு கப்பல் தூக்கிக்கொண்டது. ரோச் கிடைக்கவில்லை. நாங்கள் ஆட்டத்தை நிறுத்தினோம். காயை மட்டும் எடுக்க ஒருவருக்கும் கை வரவில்லை.

ரோச்சின் அம்மா ஆக்னஸ், உடல் இல்லாவிட்டாலும் உடுப்பையாவது வைத்துப் பூசை செய்து அடக்கம் பண்ண வேண்டும் என்றாள். ஸ்டெபி மாட்டேன் என்றாள். மாதக்கணக்கில் இரண்டு பெண்களும் ஒரே வீட்டில் முகம் பாராமல் இருந்தார்கள். கடைசியில் ஸ்டெபியே இறங்கிவந்து, பங்குச் சாமியாரிடம் நாள் குறித்துவிட்டு வந்தாள்.

அந்த வாரம் பார்த்து மென்பொருள்காரர்களிடமிருந்து தகவல் வந்தது. பழைய தளத்தை மூடுகிறார்கள். புதியதில் சேர ஒவ்வொருவரும் தன் கணக்கிலிருந்து சம்மதம் தர வேண்டும், தராதவர்களின் காய் அழிந்துபோகும். ஜெரால்டு பதறிவிட்டான். ரோச்சுக்குக் கணக்குத் தொடங்கிக்கொடுத்ததே இவன்தான், பாஸ்வேர்டு தெரியும். உள்ளே போய்ச் சம்மதம் என்று அழுத்திவிட்டான்.

மென்பொருள் தன் வேலையைச் செய்தது. 'ரோச் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டார்' என்று எங்கள் எல்லோர் போனிலும் செய்தி. அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி.

ஸ்டெபி ஜெராக்ஸ் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடிப் பூசையை நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். பிறகு வீட்டுக்கு ஓடி மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள்.

ஜெரால்டு என்னிடம் வந்து நின்றான். முகத்தில் ரத்தமில்லை.

"ஏலே, காயைக் காப்பாத்தத்தாம்ல செஞ்சேன்."

"ஆளையே காப்பாத்த முடியல. நீ காயைக் காப்பாத்தப் போனியாக்கும்" என்று கத்தினேன். அடித்திருப்பேன். ஆனால் அவனைத் தனியாக அனுப்பவும் மனசில்லை. சேர்ந்தே போனோம்.

வீட்டில் ஆக்னஸ் எங்கள் கையில் காப்பியைத் திணித்தாள். அந்த அம்மா சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டே காப்பியைத் தரையில் வைத்தேன். ஜெரால்டு தலையைக் குனிந்தபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

ஸ்டெபி நம்பவில்லை. "பூசையை நிறுத்துனது சாமியாருக்குப் பிடிக்கல. அவரு சொல்லித்தானண்ணே வந்திருக்கிய? அவிய எங்கயோ கரை ஏறியிருக்காவ. போன் கெடச்சிருக்கு."

வேறு வழியில்லாமல் ஜெரால்டு லேப்டாப்பைத் திறந்தான். ரோச்சின் பெயரை அடித்தான், பாஸ்வேர்டை அடித்தான். ஸ்டெபியின் போன் சிணுங்கியது. பச்சைப் புள்ளி வந்தது.

"பாத்தியளா, மறுபடி வந்துட்டான்!" என்று ஆக்னஸ் கையைத் தட்டினாள்.

ஸ்டெபி போனைப் பார்க்கவில்லை. ஜெரால்டின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"ஏளா, எங்க இருக்கான்னு கேளு. சாப்பிட்டானான்னு கேளு" என்று ஆக்னஸ் அவள் தோளை உலுக்கினாள்.

"மாமி, அது அவிய இல்ல."

"பேரு வருதே!"

ஸ்டெபி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். ரோச்சின் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தில் ஒரே ஒரு வார்த்தை அடித்தாள். அவள் போனிலும் என் போனிலும் ஒன்றாக மணி அடித்தது. 'ரோச்: அம்மா.'

போனை மாமியாரிடம் நீட்டினாள். "நான் எழுதுனதப் பாத்தியள்லா மாமி? நான்தான் எழுதுனேன். அவிய இல்ல. அவிய வரமாட்டாவ."

ஆக்னஸ் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். மருமகளின் கையைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. ஜெரால்டு லேப்டாப்பை மூடக் கையை நீட்டினான். ஆக்னஸ் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"இன்னொருக்கா எழுதுளா" என்றாள்.

ஸ்டெபி எழுதினாள்.