மாப்பிள்ளை ஊற்றிய வெந்நீர்

குளிர் என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் அத்தானுக்கு மட்டும்தான் தெரியும். குவைத்துப் பாலைவனக் குளிரைப் பார்த்து வந்தவர். மார்கழியில் நாங்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நடுங்கினால், "இதெல்லாம் ஒரு குளிரா?" என்பார். சொல்லிவிட்டுப் புலிப் படம் போட்ட கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, வெந்நீர் போட்டாச்சா என்று அக்காவை விரட்டுவார்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வரைக்கும் போன முதல் ஆள் நான். படித்தது விலங்கியல். அதற்கு வேலை கொடுக்க யாரும் காத்திருக்கவில்லை. வீடு கட்ட மண் எடுத்த பள்ளம் ஒன்று கொல்லையில் கிடந்தது. மழையில் நிரம்பும், கொசு உற்பத்தி செய்யும். அதை இன்னும் ஆழமாக வெட்டிக் கரை கட்டி, வாய்க்காலிலிருந்து ஒரு மடை வைத்து, கட்லா, ரோகு மீன்குஞ்சுகளை வாங்கி விட்டேன்.

டீக்கடையில் அதைத்தான் மென்றார்கள். படிச்ச புள்ள குட்டையில எறங்கிடுச்சு என்று. சொன்னவர்கள் யார் தெரியுமா? பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டு, நிலத்தைக் கோரைக்கு விட்டவர்கள். வந்த பணத்தில் பளபளவென்று தரை போட்டுவிட்டு, மார்கழியில் அந்தத் தரை காலைச் சில்லிட வைக்கிறதென்று வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களுக்கு என் குட்டை வேடிக்கை.

மீனுக்கு இந்த ஊர் மார்கழி பெரிய குளிர் இல்லைதான். ஆனால் பனியும் மூடிய வானமுமாக நாலு நாள் நின்றால் போதும், வெயில் இல்லாமல் தண்ணீரில் உயிர்க்காற்று குறைந்துவிடும். மீன் அடியில் போய் மந்தமாகக் கிடக்கும், சரியாகத் தின்னாது. நாம் பாவம் பார்த்துத் தவிடும் பிண்ணாக்கும் போட்டால் அதுவே அழுகி மீனைக் கொல்லும். முதல் மார்கழியில் பாதி மீனைக் கொடுத்துத்தான் இதைக் கற்றேன். அப்புறம் தீனியைக் குறைத்தேன். நிழல் போட்ட பூவரசங்கிளைகளைக் கழித்தேன். விடிகாலையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, குடத்தால் மொண்டு தலைக்கு மேல் தூக்கி ஊற்றுவேன், தண்ணீர் காற்றை வாங்கிக்கொண்டு விழட்டும் என்று. மீனுக்கு அபிஷேகம் நடக்குது என்றார்கள். அடுத்த மார்கழியில் ஒரு மீன்கூடச் சாகவில்லை. அதைப்பற்றி டீக்கடையில் பேச்சே இல்லை.

மூன்றாவது மார்கழியில்தான் அத்தான் விடுப்பில் வந்தார். எனக்கு ஒரு விசாவும் கொண்டுவந்திருந்தார். ஏதோ கடையில் பெட்டி தூக்கி அடுக்கும் வேலை. நான் போகவில்லை என்றேன். அவருக்கு அது புரியவே இல்லை. வேண்டாம் என்று ஒருவன் சொல்லக்கூடும் என்பது அவர் கணக்கிலேயே கிடையாது. கடைசியில் எல்லாரையும் உட்காரவைத்துத் தீர்ப்புச் சொன்னார்.

"பொங்கல் வரைக்கும் பாப்போம் மச்சான். குட்டையில மீன் உசுரோட இருந்தா உன் இஷ்டம். செத்துப்போச்சுன்னா வாயை மூடிட்டுப் பாஸ்போர்ட்டை எடு."

அப்பா தலையாட்டினார். மாப்பிள்ளை சொன்னால் அவர் எதற்கும் ஆட்டுவார். நானும் சரி என்றேன். மீனைக் காப்பாற்ற எனக்குத் தெரியும். அத்தானிடமிருந்து காப்பாற்ற வேண்டியிருக்கும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

பொங்கலுக்கு மீன் பிடிக்க வலை வேண்டியிருந்தது. கூடப் படித்தவன் ஒருவன் முத்துப்பேட்டையில் இருந்தான். வலை வாங்கப் போன இடத்தில் இரண்டு நாள் தங்கும்படி ஆகிவிட்டது. அந்தச் சமயத்தில் வீட்டில் நெல் அவித்தார்கள். கொதிக்கும் தண்ணீரில் இரவெல்லாம் ஊறிய நெல்லை மறுநாள் வடிக்கும்போது மஞ்சளாக ஒரு தண்ணீர் வரும். நாற்றம் தெருமுனைவரை போகும். அது வெதுவெதுப்பாக இருந்ததுதான் வினை. வீணாக ஏன் கொட்டுகிறீர்கள், மீன் குளிரில் விறைக்கிறது, குட்டையில் ஊற்றுங்கள் என்றாராம் அத்தான். அரபி வீட்டில் மீன்தொட்டிக்கே ஹீட்டர் வைத்திருக்கிறான் என்று ஆதாரமும் காட்டியிருக்கிறார். இரண்டு நாளும் அண்டா அண்டாவாகப் போயிருக்கிறது.

நான் வலையோடு கொல்லைக்குள் நுழைந்தபோது முதலில் நாற்றம் வந்தது. பிறகு பார்த்தேன். குட்டை முழுக்க வாய்கள். கட்லாவும் ரோகுவும் தண்ணீர் மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. ஓரத்தில் வெள்ளை வயிறுகள். பக்கத்து வீட்டு இஞ்சினைக் கேட்டு வாங்கி வாய்க்கால் தண்ணீரை அடித்தேன், குடத்தால் ஊற்றினேன், மாலைவரை ஊற்றினேன். அந்த நெல் தண்ணீர் அழுகி உயிர்க்காற்றை எல்லாம் தின்றுவிட்டிருந்தது; கட்லா, ரோகு ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

அந்தத் தண்ணீரை அம்மா வாழைக்குக்கூட ஊற்றமாட்டாள். அக்காவுக்கும் தெரியும். பண்ணையில் ஆயுசைக் கழித்த அப்பாவுக்குத் தெரியாதா? மூன்று பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள், மாப்பிள்ளை சொல்லிட்டாரே என்று. வீடு பற்றி எரிந்தாலும் மாப்பிள்ளை அணைக்கச் சொல்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் எடுப்பார்கள்.

செத்த மீனை அன்றைக்கே குழம்பு வைத்தார்கள். அத்தான் சப்பணமிட்டு உட்கார்ந்து நடுத்துண்டு கேட்டு வாங்கினார். குழம்பு நன்றாக இருக்கிறது என்றார். குவைத்தில் கிடைப்பதெல்லாம் ஐஸ் மீனாம், சக்கை மாதிரி இருக்குமாம். முள்ளை நிதானமாகத் தட்டின் ஓரத்தில் அடுக்கிவைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, "பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துரு மச்சான்" என்றார். பிறகு சோற்றுக்காகத் தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்.

அம்மா சோற்றுச் சட்டியோடு வந்தாள். அவரைத் தாண்டி வந்து என் தட்டில் போட்டாள். எங்கள் வீட்டில் அப்படி நடந்ததே இல்லை. அக்கா கையில் தண்ணீர்ச் சொம்போடு அப்படியே நின்றுவிட்டாள்.

"குட்டையில இன்னும் விரால் கெடக்குங்க மாப்பிள்ளை," என்றாள் அம்மா. "ஐப்பசி வெள்ளத்துல தானா வந்து ஏறுனது. மேல வந்து காத்தை முழுங்கிட்டுப் போவுது, நான் பாத்தேன். மீன் உசுரோட இருந்தா அவன் இஷ்டம்னு நீங்கதானே சொன்னீங்க?"

அத்தான் அப்பாவைப் பார்த்தார். அப்பா பழக்கத்தில் தலையாட்டினார். யாருக்காக ஆட்டினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அவள் சொன்னது சரி. விராலுக்கு மேலே வந்து காற்றை விழுங்கத் தெரியும். குஞ்சுகளைத் தின்கிறதென்று நான் சபித்துக்கொண்டிருந்த ஜாதி அது. அந்த விசாவில் எனக்குப் பதிலாக, டீக்கடையில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் ஒருவருடைய இளைய மகன் போனான். மாலை போட்டு அனுப்பினார்கள்.

அத்தான் கிளம்பும்போது புலிக் கம்பளியை மடித்து என் கையில் கொடுத்தார். "வச்சுக்க. அடுத்த மார்கழிக்கு உன் மீனுக்குப் போத்திவிடு." வாசலில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அக்காவும்தான்.

வைத்துக்கொண்டேன். நல்ல கனமான கம்பளி. குட்டைத் தண்ணீர் மடை வழியாக வாய்க்காலுக்குக் கசிந்துகொண்டே இருந்தது. கம்பளியைச் சுருட்டி அந்த மடையில் திணித்துச் சேற்றால் பூசினேன். இப்போது ஒரு சொட்டுக்கூடப் போவதில்லை.