மாப்பிள்ளை கொண்டுவந்த ஃபிளாப்பி

எங்கள் வீட்டு ஹாலில் வைரஸ் என்ற வார்த்தையை முதன்முதலில் சொன்னவள் நான்தான். ஏன் சொன்னோம் என்று எத்தனையோ நாள் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லாமல் இருந்திருந்தாலும் அது வந்திருக்கும். ஆனால் பழி என் தலையில் விடிந்திருக்காது.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கல்யாணமாகிச் சூலூருக்கு வந்தேன். வீட்டுக்குப் பின்னாலேயே தறிக்கொட்டகை. பகலெல்லாம் விசைத்தறிச் சத்தம். பக்கத்தில் இருப்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருந்தேன். கட்டில், பீரோ, கிரைண்டர் என்று சீர் கொடுத்த அப்பா, நான் அடம்பிடித்ததால் காந்திபுரத்தில் ஒரு கடையில் சொல்லி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரையும் சேர்த்து அனுப்பினார். கிரைண்டரும் கம்ப்யூட்டரும் ஒரே டெம்போவில் வந்து இறங்கின. கிரைண்டர் மறுநாளே மாவாட்டத் தொடங்கிவிட்டது. கம்ப்யூட்டருக்கு வெல்வெட் துணி தைத்துப் போர்த்தி, சந்தனப் பொட்டு வைத்து, டி.வி.க்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். யாராவது வந்தால் மாமனார் துணியைத் தூக்கிக் காட்டுவார். "மருமக கொண்டாந்ததுங்க" என்பார். பெருமைக்குக் குறைச்சல் இல்லை.

அதைத் தொட்டவள் நான் ஒருத்திதான். அஞ்சல் வழியில் எம்.சி.ஏ. சேர்ந்திருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி, எல்லோரும் படுத்த பிறகு துணியை விலக்கிவிட்டு உட்காருவேன்.

தறி ஓடும் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பது லேசான காரியமில்லை. பஞ்சு பறந்து வந்து பின்பக்க ஃபேனில் அடைத்துக்கொள்ளும். சூடாகி அப்படியே நின்றுவிடும். பெயிண்ட் அடிக்கிற பிரஷ்ஷை வைத்து வாரம் தவறாமல் தட்டிவிடுவேன். எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கினால் வோல்டேஜ் விழும். அதனால் நாலு வரி அடித்ததும் சேமித்துவிடுவேன். சில நாள் திரையே வராமல் பீப் பீப் என்று கத்தும். பயப்பட ஒன்றுமில்லை. மின்சாரத்தைத் துண்டித்து, மூடியைக் கழற்றி, மெமரி அட்டையை உருவி, அதன் மஞ்சள் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி அழுத்திச் சொருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நான் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மாமியார், "டாக்டரம்மா ஆப்பரேசன் பண்றாங்க, சத்தம் போடாதீங்க" என்று கிண்டல் செய்வார். அப்போது அதெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. வெளியிலிருந்து வரும் எந்த ஃபிளாப்பியையும் சோதிக்காமல் உள்ளே போடக்கூடாது. அதற்கென்று வைரஸ் தேடும் புரோகிராம் ஒன்றைத் தனி ஃபிளாப்பியில் வைத்திருந்தேன். அதன் மூலையில் இருக்கும் சின்ன நகர்த்தியைத் தள்ளி, அதன்மேல் எதுவும் எழுத முடியாதபடி செய்திருந்தேன். இன்னொன்று, செய்த வேலைக்கு வேறு இடத்தில் ஒரு நகல் இருக்க வேண்டும். என் புராஜெக்ட்டின் நகல் மூன்று ஃபிளாப்பிகளில், பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் இருந்தது. 'புராஜெக்ட். தொடாதீங்க' என்று லேபிளில் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தேன்.

புராஜெக்ட் பெரிய விண்வெளி ஆராய்ச்சி இல்லை. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கும் ஆள் தன் ஊர்ப் பெயரை அடித்தால், எந்த நம்பர் பஸ், எந்த இடத்தில் நிற்கும், அடுத்தது எப்போது என்று திரை சொல்லும். அவ்வளவுதான். அதற்காகக் கடைக்குப் போகிற சாக்கில் பஸ் ஸ்டாண்டில் அலைந்து, டைம்கீப்பரைக் கெஞ்சி, ஒவ்வொரு பஸ்ஸாகக் குறித்து வந்தேன். "எம்.சி.ஏ.ங்கறே, கண்டக்டர் வேலைக்குப் படிக்கறயா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். கேட்டுவிட்டுப் போகட்டும். சரவணம்பட்டிப் பக்கம் புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு சின்ன கம்பெனியில் அதைச் சொன்னபோது, படிப்பை முடித்துக்கொண்டு வாருங்கள், வேலை தருகிறோம் என்றார்கள். வீட்டுக்காரரும் தலையாட்டினார், ஒரு நிபந்தனையோடு. "இந்த வருசம் முடிச்சீன்னா வேலைக்குப் போ. முடியலீன்னா இதோட உட்டுப்போடோணும். சும்மா இழுத்துட்டே இருக்கப்படாது." சரி என்றேன். புராஜெக்ட் ஏறக்குறைய முடிந்திருந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் அனுப்ப வேண்டும். அச்சடிக்க மட்டும் காந்திபுரம் போக வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டு மாப்பிள்ளை வந்தார். மாப்பிள்ளை என்றால் என் பெரிய நாத்தனாரின் கணவர். தங்கமான மனிதர், குரல் உயர்த்திப் பேசமாட்டார். சின்ன நாத்தனாருக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. சட்டைப் பையிலிருந்து ஒரு ஃபிளாப்பியை எடுத்தார். ஜாதகம் கணித்துப் பொருத்தம் பார்க்கிற புரோகிராமாம். யாரோ சிநேகிதரிடம் இரவல் வாங்கி வந்திருந்தார்.

"அண்ணா, சித்த இருங்க, செக் பண்ணிப்போட்டு உள்ள போடலாமுங்க" என்றேன்.

"எதுக்குங்க அம்மணி செக்கு?"

"வைரஸ் இருந்தாலும் இருக்குமுங்க."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "என்ற ஊட்டுல யாருக்கும் சீக்கு இல்லீங்க அம்மணி."

ஞாயிற்றுக்கிழமை, தறி ஓடவில்லை; அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. மாமனார் பேப்பரை மடித்து வைத்தார். "மாப்ள கொண்டாந்ததைச் சோதிச்சுப் பாக்கற பழக்கம் இந்த ஊட்டுல இல்ல அம்மணி" என்றார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். இவ்வளவு மரியாதையாக ஒருத்தியின் வாயை அடைக்க எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் தெரியும்.

ஐந்து நிமிஷ வேலை அது. ஐந்தே நிமிஷம்! சம்பந்தி வீட்டு மரியாதைக்கு முன்னால் அந்த ஐந்து நிமிஷம் பெரிதாகிவிட்டது. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் ஃபிளாப்பியை வாங்கி உள்ளே தள்ளினார். நான் சமையலறைக்குப் போனேன். மாமியார் பின்னாலேயே வந்து, "மாப்பிள்ளை மூஞ்சியே செத்துப்போச்சு. இன்னொரு வடை கொண்டுபோய் வெய்யி" என்றார். வைத்தேன். ஹாலில் ஜாதகக் கட்டம் திரையில் வந்ததைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவாக ஓடியது. என் ஃபிளாப்பியைப் போட்டுத் தேடினேன். அந்தப் பழைய புரோகிராமுக்கு இந்தப் புது நோவு தெரியவில்லையோ என்னவோ, ஒன்றும் காட்டவில்லை. பிறகு ஒருநாள் மத்தியானம் சுவிட்சைப் போட்டேன். கறுப்புத் திரையில் ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று ஒரு வரி வந்தது. ஒயரை அசைத்தேன், மூடியைக் கழற்றினேன், ரப்பர் போட்டுத் தேய்த்தேன். சுத்தமான ஃபிளாப்பியைப் போட்டுக் கம்ப்யூட்டரைக் கிளப்பி உள்ளே பார்த்தபோது என் ஃபைல்கள் இருந்த இடத்தில் படிக்கவே முடியாத கிறுக்கல்கள். ஆனாலும் ஒரு தைரியம் இருந்தது, பீரோவுக்குள் நகல் இருக்கிறதே என்று.

புடவைகளைத் தூக்கினேன். ஃபிளாப்பிகள் இல்லை. ஒவ்வொரு புடவையாக உதறினேன். அறை முழுக்கப் புடவை கிடந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் கேட்டேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னார். "அதா? அன்னைக்கு மச்சான், ஒண்ணு கெட்டாலும் இருக்கட்டும்னு அந்த ஜாதகத்துக்கு மூணு காப்பி கேட்டாரு. அவுரு ஃபிளாப்பியத் திருப்பிக் குடுக்கோணுமில்ல? ஞாயித்துக்கிழமை, கடை சாத்தியிருந்துது. அதுதான் அதுல இருந்ததை அழிச்சுப்போட்டு, போட்டுக் குடுத்தேன்."

"தொடாதீங்கன்னு எழுதியிருந்தனேங்க!"

"ஊட்டுக்கு வர்ற கொழந்தைங்களுக்கு எழுதியிருப்பீன்னு நெனச்சேன். மச்சான் கேக்கறப்ப இல்லீன்னு சொல்ல முடியுமா?"

நான் அழவில்லை. எனக்கு வந்தது வெறி. கையில் இருந்த புடவையை அவர்மேல் விட்டெறிந்தேன். மூன்று வருஷம் தூக்கத்தைக் கெடுத்துப் படித்தது, பஸ் பஸ்ஸாக அலைந்தது, எல்லாவற்றையும் அழித்து அதன்மேல் யாரோ ஒருவருடைய ராகுவையும் கேதுவையும் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதுவும் மச்சான் மனம் கோணக் கூடாதென்று. நான் போட்ட சத்தம் தறிக்கொட்டகைக்குக் கேட்டிருக்கும்.

மாமியார் வாசலில் வந்து நின்றார். "அன்னைக்கே நெனச்சேன். நல்லா இருந்த சாமானைப் பாத்துச் சீக்கு வரும் சீக்கு வரும்னு வாயில வெச்சா. வந்துபோச்சு" என்றார். அன்றோடு எனக்குக் கரிநாக்கு என்று பெயராயிற்று. வைரஸைக் கொண்டுவந்தவர் மாப்பிள்ளை. உள்ளே விட்டவர் என் புருஷன். வாயைத் திறந்து எச்சரித்த பாவத்துக்குக் குற்றவாளி நான். இந்த நியாயத்தை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

பஸ் விவரம் எழுதிய தாள்கள் இருந்தன. காந்திபுரத்தில் மணிக்கணக்கில் வாடகை வாங்கும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து முடிந்தவரை திரும்ப எழுதிவிடுகிறேன் என்று கெஞ்சினேன். "ஊட்டுலயே ஒன்னை வெச்சுட்டு வெளிய போய்க் காசு குடுக்கறதா?" என்றார் மாமனார். வீட்டில் இருந்தது அப்போது கடையில் செத்துக் கிடந்தது. தேதி தாண்டிப் போனது. அடுத்த வருஷம் அனுப்பலாம் என்று பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள். வீட்டுக்காரர், "பேசுன பேச்சு பேச்சுத்தான்" என்றார். சரவணம்பட்டிக் கம்பெனிக்கு நான் பதிலே சொல்லவில்லை. என்னத்தைச் சொல்வது?

எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிக் கொண்டுவந்த கடைக்காரரிடம், "இனி இப்பிடி ஆகாம பாதுகாப்புக்கு என்ன பண்றதுங்க?" என்று கேட்டார் மாமனார். கடைக்காரர் கம்ப்யூட்டர் கேபினெட்டின் முகப்பில் இருந்த சின்னப் பூட்டைக் காட்டினார். பூட்டிவிட்டால் கீபோர்டு வேலை செய்யாது. அந்தச் சாவி மாமியாரின் சாவிக்கொத்தில் ஏறியது. "கண்டவங்க கை பட்டாத்தான் கெடுது" என்றார் மாமியார். அந்த வீட்டில் அதைத் தினமும் தொட்ட கை என்னுடையது ஒன்றுதான். சின்ன நாத்தனாரின் ஜாதகத்தைக் கடைசியில் ஜோசியரிடமே எடுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த வருஷம் மாப்பிள்ளை ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கிச் சில மாதத்தில் அது படுத்துவிட்டது. காரில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நம்ம மருமக நொடியில பாத்துக் குடுத்துருவாளுங்க மாப்ள" என்றார் மாமனார். மாமியார் தானாகவே சாவியைக் கொண்டுவந்து எங்கள் கம்ப்யூட்டரைத் திறந்தார்.

"வெளி ஃபிளாப்பி எதாச்சும் போட்டீங்களாண்ணா?" என்றேன்.

"சேச்சே, கண்டதையெல்லாம் போடுவனுங்களா? இந்த ஊட்டுல குடுத்த ஜாதக ஃபிளாப்பியத்தான் போட்டேன்" என்று பையிலிருந்து மூன்றையும் எடுத்து நீட்டினார்.

வாங்கிக்கொண்டு மாமனாரைப் பார்த்தேன். "சோதிச்சுப் பாக்கட்டுங்களா மாமா?"

"பாரு அம்மணி. அதுக்குத்தானே மாப்ள வந்திருக்காரு" என்றார். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கக்கூட இல்லை.

புதிதாக வாங்கி வைத்திருந்த வைரஸ் தேடும் ஃபிளாப்பியில் கம்ப்யூட்டரைக் கிளப்பிவிட்டு, அந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டேன். மூன்றிலும் இருந்தது. முதலில் அவற்றைச் சுத்தம் செய்தேன். பிறகு அவர் கம்ப்யூட்டரைத் திறந்து, ஒயர்களைப் பார்த்து, ஹார்ட் டிஸ்க்கில் மிஞ்சியதை மீட்டேன். அவருக்கு வேண்டிய ஃபைல்கள் தப்பிவிட்டன. என்ன செய்வது, கைக்குத் தெரிந்ததைக் கை செய்துவிடுகிறது. மாப்பிள்ளை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை தெரிஞ்சு வெச்சிருக்கீங்க அம்மணி! உங்களுக்கு நல்ல மூளைங்க. நீங்க இன்னும் மேல படிச்சிருக்கோணும்" என்றார். மனதாரச் சொன்னார். மாமனாரும் "அதுதானுங்க மாப்ள" என்று ஆமோதித்தார். வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒரு ஃபிளாப்பியைக் கையில் எடுத்தேன். 'ஜாதகம்' என்று எழுதி ஒட்டியிருந்த லேபிளின் ஓரம் எழும்பியிருந்தது. நகத்தால் கிளப்பி உரித்தேன். கீழே 'புராஜெக்ட். தொடாதீங்க' என்று என் கையெழுத்து அப்படியே இருந்தது.

"படிச்சனுங்கண்ணா. இதுலதான் இருந்துதுங்க" என்று அவரிடம் கொடுத்தேன்.

அவர் வாங்கிப் படித்தார். ஒன்றும் விளங்கவில்லை. "அப்பிடிங்களா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, மற்ற இரண்டோடு சேர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மாப்பிள்ளைக்குக் காப்பி கொண்டா கண்ணு" என்றார் மாமியார், கம்ப்யூட்டரைப் பூட்டிக்கொண்டே.