ஆதிமூலம் போட்ட பதினாறு மூட்டை

ஆதிமூலத்தை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் தலையில் ஒரு யூரியா சாக்கு இருந்தது. காலை ஆறேகால் மணி, தூறல். உழவர்கரையில் எங்கள் பால் சொசைட்டி வாசலில் வரிசை நின்றது. சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகிக் கூம்பு மாதிரி கவிழ்த்திருந்தார். உர எழுத்துகள் நெற்றிக்கு மேலே பச்சையாகத் தெரிந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு மூட்டையே கேனைத் தூக்கிக்கொண்டு பால் ஊற்ற வந்த மாதிரி இருந்தது.

நான் வேலையில் சேர்ந்து அது மூன்றாம் நாள். சொசைட்டியின் பாலை வாங்கும் சீஸ் கம்பெனிக்கு வெளிநாட்டில் வாடிக்கையாளர்கள் உண்டு. சுற்றுச்சூழல் கணக்குக்காக, மாட்டுப் புல்லுக்கு எத்தனை மூட்டை யூரியா போடுகிறீர்கள் என்று அவர்கள் கேட்கிறார்கள். கம்பெனி சொசைட்டியைக் கேட்கிறது. சொசைட்டி கேட்பதற்கு என்னை வைத்தது. திருக்கனூர் பக்கத்தில் எங்கள் தெருவில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். பி.எஸ்சி. புள்ளியியல். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். அட்டை சட்டைப் பைக்குள் போய்விடாமல் அடிக்கடி வெளியே எடுத்து விட்டுக்கொள்வேன்.

வரிசையில் ஒவ்வொருவரும் ஐந்து, ஏழு, பத்து என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஆதிமூலம் முறை வந்தது.

"புல்லுக்கு வருஷத்துக்கு எத்தன மூட்ட யூரியா போடுவீங்க ஐயா?"

அவர் முதலில் வரிசையின் பின்பக்கம் பார்த்தார். நாலாவது ஆளாக வெள்ளை வேட்டியில் ஒருவர் நின்றிருந்தார். பிறகு அந்த ஆளுக்குக் கேட்கும்படி ஆதிமூலம் சொன்னார்: "பதினாறு! எழுதிக்கோங்க தம்பி. பதினாறு மூட்ட!"

எழுதினேன். 'சமர்ப்பி' பொத்தானையும் அழுத்தினேன். திரை சிவப்பானது.

அவர் புல் வளர்ப்பது காலனியில் காலியாகக் கிடக்கும் ஆறு வீட்டு மனைகளில். அவ்வளவு இடத்துக்கு அதிகபட்சம் மூன்று மூட்டை என்று கம்பெனி வரம்பு வைத்திருந்தது. பதினாறு மூட்டையை அங்கே கொட்டினால் புல் கருகுவது இருக்கட்டும், மனைக்கல்லே கருகிவிடும். கிராமத்தில் வளர்ந்த எனக்கு அது உடனே உறைத்திருக்க வேண்டும். டேப்லெட் கையில் இருந்ததால் உறைக்கவில்லை.

சிவப்புக்கு அர்த்தம் இதுதான்: பிப்ரவரி இருபத்தெட்டுக்குள் திருத்தாவிட்டால் மார்ச் முதல் தேதியிலிருந்து அவர் பாலை சொசைட்டி வாங்காது. கம்பெனி ஆய்வாளர் நேரில் வந்து பார்க்க வேண்டும், சொசைட்டித் தலைவர் சாட்சிக் கையெழுத்து போட வேண்டும். அப்போதுதான் திருத்தம் நடக்கும்.

இதைச் சொல்லத்தான் மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன்.

ஆதிமூலத்துக்கு வயது அறுபத்தொன்று. நெசவு ஆலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடியதும் மாடு வாங்கினார். இப்போது நாலு மாடுகள். மனைகளின் சொந்தக்காரர்கள் எல்லாம் பாரீசில் குடியேறியவர்கள். வேலியைப் பார்த்துக்கொள், யாரும் குடிசை போடாமல் பார்த்துக்கொள், புல்லை நீ அறுத்துக்கொள் என்பது ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீடியோவில் கூப்பிடுவார்கள். இவர் போனைத் தூக்கிப் பிடித்து மனையைச் சுற்றிக் காட்டுவார். ஒன்பது அடிப் புல்லைத் தவிர வேறொன்றும் தெரியாது. அவர்களைச் சந்தோஷப்படுத்த மாடுகளுக்குப் பிரெஞ்சில் மெர்சி, போன்ழூர், முசே, மதாம் என்று பேர் வைத்திருந்தார். முசே என்றால் ஆண்களைக் கூப்பிடும் 'ஐயா', ஆனால் அதுவும் பசுதான். பேர் வைத்த பிறகுதான் அர்த்தம் தெரிந்ததாம். அதற்குள் அது பழகிவிட்டது.

"நாலு மாடு, ஐயா. பால் ஊத்த வேற எடம் இருக்கா?" என்று கேட்டேன்.

"ஏது தம்பி? தனியார்காரன் உழவர்கரைப் பக்கம் வண்டிய நிறுத்திட்டு ரெண்டு வருஷம் ஆச்சி. சொசைட்டி இல்லன்னா நாலையும் சந்தைக்கு ஓட்டிவிட வேண்டியதுதான்." சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. மெர்சி அவர் துண்டை மென்றுகொண்டிருந்தது. அவர் பிடுங்கவில்லை.

"அப்ப உண்மையான கணக்கச் சொல்லுங்க, திருத்திக்கலாம். எவ்ளோ போடுவீங்க?"

உள்ளேயிருந்து அவர் மனைவி அமுதவல்லி சிரிக்கும் சத்தம் கேட்டது. "எவ்ளோவா? ஒரு கைப்பிடி கூடக் கெடையாது தம்பி!"

"ஏய், சும்மா இரு!"

"நான் ஏன் சும்மா இருக்கணும்? பன்னெண்டு வருஷமா சும்மாதானே இருக்கேன்."

கொட்டகை கழுவும் தண்ணீர், சாணியும் கோமியமும் கலந்து, ஒரு வாய்க்கால் வழியாக மனைகளுக்குப் போகிறது. புல் அதில்தான் வளர்கிறது. யூரியா பூஜ்யம்.

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. "பூஜ்யம்னா கம்பெனிக்கு ரொம்பப் பிடிக்கும் ஐயா! ஆய்வாளர் வருவாங்க, தலைவர் கையெழுத்துப் போடுவாரு, முடிஞ்சிது."

"தலைவர் யாரு தெரியுமா?"

"புருஷோத்தமன் ஐயா."

"அவுரு என் சம்பந்தி."

வரிசையில் நாலாவதாக நின்ற வெள்ளை வேட்டி. எனக்குப் புரிய ஆரம்பித்தது. எங்கள் பக்கத்து மாட்டுக்காரர்கள் நடுவில் இது ஒரு வழக்கம். சௌக்கியமா என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை மூட்டை போட்டாய் என்று கேட்பார்கள். குறைவாகச் சொன்னால் கைக்கு வழியில்லாதவன். ஆதிமூலத்தின் மகள் சரிதாவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே புருஷோத்தமன் கேட்டிருக்கிறார், "புல்லுக்கு இன்னா போடறீங்க?" என்று. இவர் எட்டு என்றார். அவர் நாங்கள் பத்து என்றார். கல்யாணத்தன்று இவர் பன்னிரண்டு. பேரன் பிறந்தபோது அவர் பதினான்கு. இப்படியே பதினாறு வரைக்கும் ஏறியாயிற்று.

"அவுரு முன்னாடி பூஜ்யம்னு சொன்னா, எம் பொண்ணு அந்த வீட்டுல எப்பிடித் தலையத் தூக்கி நடக்கும்?" என்றார் ஆதிமூலம்.

"தலைய எல்லாம் நல்லாத்தான் தூக்குவா. நேத்து வந்தப்ப கூட என்னோட மிக்சியத் தூக்கிட்டுப் போனா" என்றார் அமுதவல்லி.

அடுத்த இரண்டு வாரமும் ஆதிமூலம் எனக்கு யோசனை சொல்லிக்கொண்டே இருந்தார். சொசைட்டி வாசலில், டீக்கடையில், ஒருமுறை நான் பேருந்து ஏறும்போது படிக்கட்டில் தொங்கியபடி. பதினாறு மூட்டையும் போட்டேன், ஆனால் மழை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று எழுதலாமா? பதினாறும் பத்து வருஷத்துக்குச் சேர்த்துச் சொன்னது என்றால்? தம்பிதான் தப்பாக அழுத்திவிட்டார் என்று சொன்னால் என்ன?

"அப்பிடிச் சொன்னா என் வேல போயிடும் ஐயா."

"நீங்க டிகிரி படிச்சவரு. வேற கெடைக்கும்."

பிப்ரவரி இருபத்தாறாம் தேதி ஆய்வாளர் நிர்மலாதேவி வந்தார். கையில் குடை, காலில் புது ஷூ. சாட்சிக்குப் புருஷோத்தமனும் வந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டு மிடுக்கோடு. எத்தனை என்று சொல்லப்போகிறார் என்று அப்போதுகூட ஆதிமூலம் என்னிடம் சொல்லவில்லை.

நிர்மலாதேவி எதையும் கேட்கவில்லை. கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு எண்ண ஆரம்பித்தார். வாசலில் தொங்கிய திரை, யூரியா சாக்கு. மேற்குச் சுவர், எட்டு சாக்கைச் சேர்த்துத் தைத்தது. கன்றுக்குட்டிக்குக் குளிருக்குச் சட்டை, சாக்கு. ஸ்கூட்டர் உறை, சாக்கு. கோழிக்கூண்டுக்குக் கூரை, சாக்கு. எல்லாவற்றிலும் அச்செழுத்து வெளியே தெரியும்படி திருப்பித் தைத்திருந்தது. கடைசியாக என்னை எழுந்திருக்கச் சொன்னார். நான் உட்கார்ந்திருந்ததும் சாக்கு.

"நாற்பத்தேழு" என்றார். "பதினாறுன்னு சொல்லியிருக்கீங்க. நாற்பத்தேழா சார்?"

புருஷோத்தமன் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. "நாப்பத்தேழா சம்பந்தி? சொல்லவே இல்லியே!"

ஆதிமூலத்தின் முகத்தில் ஒரு கணம் பெருமை வந்ததை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். அடுத்த கணம் நிர்மலாதேவி பேனாவின் மூடியைத் திறந்தார். பெருமை போய்விட்டது.

"எழுதாதீங்க மேடம்" என்றார். "அது வெறுஞ் சாக்கு."

"உள்ள இருந்தது?"

"உள்ள ஒண்ணும் இல்ல. வெறுஞ் சாக்காத்தான் வாங்கினேன். பத்துத் தடவ சோப்புப் போட்டுத் துவைச்சது. யூரியா எங்கிட்ட ஒரு சிட்டிக கூட இல்ல."

புருஷோத்தமன் சிரித்தார். "வெளையாடாதீங்க சம்பந்தி."

ஆதிமூலம் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி, நம்ம பழைய மதாமு செத்துதே, ஞாபகம் இருக்கா?"

"பாம்பு கடிச்சிதானே?"

"பாம்பு இல்ல. யூரியா. மூட்டையப் பிரிச்சி வச்சிட்டு டீக்கடைக்குப் போனேன். வாயில்லா சீவன், உப்புன்னு நெனச்சித் தின்னுடுச்சி. நான் வர்றப்ப வாயில நுரை. டாக்டர் வர்றதுக்குள்ள போயிடுச்சி. ஆலைய விட்டு வந்து வாங்கின மொத மாடு சம்பந்தி அது. டீக்கடையில அரை மணி நேரம் இன்னா பேசிட்டு இருந்தேன் தெரியுமா? இந்த வருஷம் எத்தன மூட்ட போடப்போறேன்னு பேசிட்டு இருந்தேன்."

அமுதவல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கப்பறம் வாங்கறதில்ல. வெளிய சொல்ல முடியில. பாம்புன்னு சொல்லிட்டேன். சாக்கத் தொங்க விட்டா யாரும் கேக்க மாட்டாங்க இல்ல?"

நிர்மலாதேவி தொண்டையைச் செருமினார். "சாரி சார். ஆனா எனக்கு ஆதாரம் வேணுமே."

எனக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. உரக்கடையில் கைரேகை வைக்காமல் ஒரு மூட்டைகூட வாங்க முடியாது. கடைக்காரர் ஹரிகிருஷ்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் இயந்திரத்தில் தேடிப் பார்த்தார்.

"ஆதிமூலமா? அவரு பேர்ல ஒரு மூட்ட கூட இல்லியே. அந்தாளு காலி சாக்கு கேட்டுத்தான் வருவாரு. எழுத்து அழியாத சாக்கா பாத்துக் குடுன்னு உயிர எடுப்பாரு."

நிர்மலாதேவி பூஜ்யம் என்று எழுதி, தாளைப் புருஷோத்தமனிடம் நீட்டினார். அவர் பேனாவை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடாமல் நின்றார்.

ஆதிமூலம் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "இன்னா சம்பந்தி, கேவலமா இருக்கா?"

"அதுக்கில்ல" என்றார் புருஷோத்தமன். குரல் பாதியாகிவிட்டது. "நான் போடறது நாலு."

"இன்னாது?"

"நாலு மூட்ட. என்னோட எடத்துக்கு அதுவே ஜாஸ்தி. அன்னிக்கு வரிசையில நீ பதினாறுன்னு கத்தினே. நான் பின்னாடி நிக்கிறேன், நான் இன்னா சொல்றது? இருபதுன்னு சொல்லிட்டேன். எனக்கும் செவப்புதான். யார்கிட்டயும் சொல்லாதன்னு தம்பிகிட்ட சொல்லி வச்சிருந்தேன். தலைவர் வேற."

"நீ தானே பத்துன்னு ஆரம்பிச்சே!"

"நீ எட்டுன்னு சொன்னதால தானே நான் பத்துன்னேன்!"

"எட்டு உங்க கௌரவத்துக்காகச் சொன்னேன்யா! பொண்ணு பாக்க வந்த எடத்துல பூஜ்யம்னா சொல்லுவாங்க?"

"ரெண்டு பேரும் சண்டைய முடிச்சீங்கன்னா கையெழுத்த வாங்கிக்கிட்டுக் கெளம்பிடுவேன்" என்றார் நிர்மலாதேவி. சொல்லிவிட்டு ஒரு அடி பின்னால் வைத்தார். அங்கே புல்லுக்குப் போகும் வாய்க்கால். புது ஷூ போட்ட கால் முழங்கால் வரைக்கும் உள்ளே போனது. புல் எதில் வளர்கிறது என்பதற்கு அதற்கு மேல் ஆதாரம் தேவைப்படவில்லை.

புருஷோத்தமன் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு தன் எண்ணையும் திருத்தச் சொன்னார். அந்தச் செய்தி மறுநாள் காலை வரிசைக்கு வந்துவிட்டது. தலைவரே நாலுதான் என்றதும் பத்து என்றவர் மூன்று என்றார், ஏழு என்றவர் ஒன்றரை என்றார். கம்பெனி மேலாளர் என்னைக் கூப்பிட்டு, ஒரே வாரத்தில் உழவர்கரையின் யூரியா எப்படிப் பாதிக்கும் கீழே இறங்கியது என்று கேட்டார். 'உறுப்பினர்கள் பெருமையைக் குறைத்துக்கொண்டனர்' என்று குறிப்புப் பெட்டியில் எழுதினேன். அழிக்கச் சொன்னார்.

ஒன்றை மட்டும் ஆதிமூலத்தால் திருத்த முடியவில்லை. பாம்பு கடித்தது என்று அவர் சொன்ன நாளிலிருந்து நாலாவது மனையில் இருக்கும் கறையான் புற்றுக்குக் காலனிப் பெண்கள் மஞ்சள் பூசி வெள்ளிக்கிழமை பால் ஊற்றுகிறார்கள். பாம்பே கிடையாது, நான் சொன்னது பொய் என்று இவர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். நாகத்தைப் பழிக்காதீர்கள் என்று அவரைத்தான் திட்டினார்கள். அந்தப் பாலை அவரிடம்தான் வாங்குகிறார்கள்.

ஆதிமூலம் இப்போதும் உழவர்கரையில்தான் இருக்கிறார். நாலு மாடு ஐந்தாகியிருக்கிறது. காலை, மாலை இரண்டு வேளையும் சொசைட்டியில் பால் ஊற்றுகிறார். இந்த வருஷ அறிக்கையில் அவர் பேருக்கு நேரே யூரியா பூஜ்யம் என்று இருக்கிறது. மழைக்கு மகள் குடை வாங்கிக் கொடுத்திருக்கிறாள், ஆனால் தலையில் சாக்குதான் போட்டுக்கொண்டு வருகிறார்.