வாஸ்கோவுக்கு வைத்த புட்டி

நரித் தோட்டத்தில் வாழ்நாளெல்லாம் பாடுபட்ட எடெல்வினா, நரித் தோட்டத்து ஒயினை ஒரு சொட்டு குடித்ததில்லை. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஒயின் விளையும் டோரு ஆற்றங்கரையில் பிறந்தவள் ஒயின் குடிக்காமல் வளர்ந்தாளா என்பார்கள். குடிக்காமல் யார் வளர்ந்தது? பிரம்புக்கூடை போட்ட பெரிய கண்ணாடி ஜாடியில் வீட்டு ஒயின் எப்போதும் மேஜைக்கு அடியில் இருக்கும். கஞ்சிக்கும் அதுதான், கருவாட்டுக்கும் அதுதான், காய்ச்சலுக்கும் அதைத்தான் சுடவைத்துத் தேன் விட்டுக் கொடுப்பார்கள். ஆனால் அது கண்ட கண்ட திராட்சைக் கொடியில் மிஞ்சிய பழத்தின் ஒயின். நரித் தோட்டத்துப் பழம் முதலாளி வீட்டுக் கல் தொட்டிக்குப் போய்விடும். அங்கே இருபது தோட்டத்துப் பழத்தோடு சேர்ந்து மிதிபட்டுப் பெயர் இல்லாமல் கப்பலேறிவிடும்.

மலைச் சரிவில் அடுக்கு அடுக்காகக் கல் சுவர் வைத்த தோட்டம் அது. முதலாளியின் கொள்ளுத் தாத்தா நட்டது. கொடி ஒவ்வொன்றும் ஆள் தொடை பருமன், முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒரே ஜாதியும் இல்லை. கறுப்பு, சிவப்பு, நடுவில் நாலு வெள்ளை என்று கைக்கு வந்ததை நட்டுவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். வயசான கொடி காய்ப்பதும் கொஞ்சம்தான். சிறுசு சிறுசாக நாலைந்து குலை, அதற்கு ஆள் முதுகு ஒடிய ஏற வேண்டும். எடெல்வினா கல்யாணத்துக்கு முன்பே அதில் கூடை சுமந்தவள். கொடி நறுக்கிக் கவாத்து செய்ய வந்த அடெரிட்டோவை அங்கேதான் பார்த்தாள். முதல் நாளே அவள் கூடையை வழியில் வைத்திருந்ததற்காக அவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். அவள் திருப்பித் திட்டினாள். அடுத்த ஈஸ்டருக்குக் கல்யாணம்.

அடெரிட்டோவுக்கு மனதில் ஒன்று, வாயில் ஒன்று என்பதே கிடையாது. சூப்பில் உப்பில்லை என்றால் தட்டைத் தள்ளிவிட்டு, "யாருடி செத்துப்போனா, இப்படி அழுது வடியுது?" என்பார். மகன் வாஸ்கோ அப்படியே அப்பனை உரித்து வைத்தவன். அவனுக்கு முதல்முதலாக வீட்டு ஒயினில் அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தபோது, முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அப்பா, இத குதிரை குடிச்சுட்டு இருந்துச்சா, இல்ல குதிரையிலேருந்தே வந்துச்சா?" என்று கேட்டான். அடெரிட்டோ மண்வெட்டிப் பிடியைத் தூக்கிக்கொண்டு துரத்தினார். முற்றத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டு இரண்டு பேரும் மூச்சு வாங்கச் சிரித்தார்கள். எடெல்வினா வாசலில் நின்று இரண்டு பேரையும் திட்டினாள். அந்த வீட்டில் சந்தோஷம் எப்போதும் சத்தம் போட்டுத்தான் இருந்தது.

வாஸ்கோ இருபது வயதில் லக்சம்பர்க் போனான். எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லாரும் போனதுபோல்தான். முதலில் கட்டட வேலை, பிறகு ஒரு பெரிய ஹோட்டலில் பாத்திரம் கழுவுவது, பிறகு பரிமாறுவது. கடைசியில் வந்தவர்களுக்கு எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று எடுத்துக் கொடுக்கும் ஆளாகவே ஆகிவிட்டான். "குதிரை மூத்திரம்னு சொன்னவனுக்கு வந்த வாழ்வப் பாரு" என்று அடெரிட்டோ ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

முதலாளி போய், அவர் மகன் டுவார்ட்டே பொறுப்புக்கு வந்த வருஷம்தான் எல்லாம் மாறியது. ஊருக்கு அவர் சின்னவர். சின்னவர், நரித் தோட்டத்துப் பழத்தை மட்டும் தனியாக மிதிக்கச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், அடெரிட்டோ எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். குளிர்காலத்தில் ஒரு நாள் சின்னவர் அவரை நிலவறைக்குக் கூப்பிட்டு, பீப்பாயிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்துக் கொடுத்தார்.

அன்று அடெரிட்டோ சேற்றுக் காலணியைக்கூடக் கழற்றாமல் வந்து அடுப்படியில் உட்கார்ந்தார். காலணியைப் பற்றி எடெல்வினா இரண்டு வார்த்தை சொன்னாள். அவர் பதில் பேசாததைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயம் வந்தது.

"என்னாச்சு? நெஞ்சு வலிக்குதா?"

"இல்லடி. அந்த ஒயினக் குடிச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

ஊரில் எதைப் பற்றியும் நாலு வார்த்தை கைவசம் வைத்திருப்பவருக்கு அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. "இத்தன வருஷமா நாம இத எதுலயோ கொண்டுபோய்க் கொட்டியிருக்கோம், எடெல்" என்றார். காலணியைக் கழற்றிக்கொண்டே, "புட்டியில அடைக்கட்டும். வாஸ்கோ வரட்டும். மூணு பேருமா உக்காந்து குடிப்போம். சொன்னா புரியாது" என்றார்.

புட்டியில் அடைக்கும் முன்பே அவர் போய்விட்டார். கவாத்துக் கத்தியை இடுப்பில் செருகியபடியே, மேல் அடுக்கில், ஒரு பகல் வேளையில். அந்த வருஷக் கோடையில் சின்னவரே வீட்டுக்கு வந்து ஒரு புட்டியை எடெல்வினாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கறுத்த கண்ணாடி, வெள்ளைத் தாளில் ஒரு நரிப் படம். அதை வைக்க வீட்டில் இருந்த ஒரே மரியாதையான இடம் அடுப்புக்கு மேலே இருந்த பலகை. அங்கே புனித அந்தோணியார் ஒரு பக்கம், அடெரிட்டோவின் படம் ஒரு பக்கம். நடுவில் புட்டியை நிமிர்த்தி வைத்து, பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றினாள். தினமும் சாயங்காலம் ஏற்றுவாள்.

ஆகஸ்ட் மாதம் விடுமுறைக்கு வருகிறவர்களின் வெளிநாட்டு எண் பலகை போட்ட கார்கள் எங்கள் ஊருக்குள் வரிசை கட்டி நுழையும். அதில் வாஸ்கோவின் காரும் வரும். ஆனால் புட்டி திறக்கவில்லை. ஒரு வருஷம் அவனும் மனைவியும் பிள்ளைகளும் கடற்கரைக்குப் போகிற வழியில் நாலு நாள் தங்கினார்கள். மருமகள் பீர்தான் குடிப்பாள். இன்னொரு வருஷம் வீடு கொள்ளாமல் விருந்தாளி. இது அவசரத்தில் மடக்கு மடக்கென்று குடிக்கிற சரக்கு இல்லை, அவன் நிம்மதியாக வந்து உட்காரட்டும் என்று எடெல்வினா தள்ளிப் போட்டாள். யாரிடமும் சொல்லாத கணக்கு ஒன்று அவள் மனதில் இருந்தது. அவன் ஒரேயடியாகத் திரும்பி வருகிற நாள்தான் திறக்கிற நாள். அந்த நாளை நினைத்துக்கொண்டே புட்டியைத் துடைப்பாள். மூடியை மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்ப்பாள். அதன்மேல் இருந்த ஆசை அவளுக்கே வெட்கமாக இருக்கும். வீட்டு ஒயினைக் குடிக்கும்போதெல்லாம், இது இல்லை, அது வேறு என்று நாக்கு தானாகச் சொல்லும்.

அதற்குள் நரித் தோட்டத்து ஒயினுக்குப் பெரிய பெயர் வந்துவிட்டது. யார் யாரோ விமானம் ஏறி வந்து குடித்துவிட்டுப் போனார்கள். அடெரிட்டோவின் தங்கை ஹெர்மீனியா சின்னவர் வீட்டில் சமையல். விருந்தாளி மிச்சம் வைத்ததில் ஒரு வாய் அவளுக்குக் கிடைத்திருக்கிறது. கிடைத்ததை அண்ணிக்கு ஒரு மாதம் சொல்லிக் காட்டினாள்.

"எப்படித்தான் இருக்கு, சொல்லித் தொலையேன்" என்றாள் எடெல்வினா.

"முதல்ல ஒண்ணுமே இல்ல அண்ணி. நல்ல ஒயின், அவ்வளவுதான்னு நெனச்சேன். அப்புறம் நான் பாட்டுக்குப் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருக்கேன், நாக்கு மட்டும் அங்கேயே நிக்குது. அறுப்புக் காலத்துல வெயில் எறங்கினப்புறம் கல்லு சுடுமே, அந்த வாசன. கொஞ்சம் ரோஸ்மேரித் தழ. அப்புறம் எங்க அண்ணன் சட்ட."

"உங்க அண்ணன் சட்டையா? நல்லாத்தான் இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு எடெல்வினா உள்ளே போய் அழுதாள்.

இந்த ஆகஸ்டில் வாஸ்கோ தனியாக வந்தான். அவனுக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை, பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். சின்னவர் அவனைக் கூப்பிட்டுப் பேசினார். வந்து போகிறவர்களுக்கு ஒயின் ஊற்றிக் கொடுத்து, அவர்கள் மொழியில் பேச ஓர் ஆள் வேண்டும், நீ வந்தால் எனக்கு நிம்மதி என்றார். வாஸ்கோ யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். எடெல்வினாவுக்கு அது போதும். மேல் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள்.

"இன்னும் சரின்னு சொல்லல அண்ணி, அதுக்குள்ள சுண்ணாம்பா?" என்றாள் ஹெர்மீனியா.

"வேண்டாம்னும் சொல்லலயே."

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வீட்டில் ஆட்டுக்குட்டி வறுவல், அடுப்பில் வெந்த உருளைக்கிழங்கு, சோள ரொட்டி. ஹெர்மீனியாவைக்கூட அழைக்கவில்லை. மூன்று தட்டு வைத்து, பிறகு ஒன்றை எடுத்துவிட்டாள். புட்டியைப் பலகையிலிருந்து இறக்கி மகன் முன்னால் வைத்தாள்.

"இதத் தெறடா. அப்பா உனக்காக வைக்கச் சொன்னது."

வாஸ்கோ புட்டியைப் பார்த்தான். பிறகு அது நின்றிருந்த இடத்தை, கீழே கனன்றுகொண்டிருந்த அடுப்பை, மெழுகுவர்த்தியைப் பார்த்தான். அவன் தொழிலில் இருப்பவனுக்குப் பார்த்த உடனே தெரியும். ஒயின் புட்டியைக் குளிர்ந்த இருட்டில் படுக்க வைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் கார்க் காய்ந்து காற்று உள்ளே போகும், சூட்டில் மிச்சமும் கெடும். ஒயின் பூமியிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் வீடுகளில் யாருக்கு இது தெரியும்? எங்கள் ஒயின் ஜாடியில் வரும், தீர்ந்துவிடும். புட்டியில் வைத்துப் பாதுகாத்தவர்கள் எல்லாம் வாங்கிக் குடித்தவர்கள்தான்.

கார்க் பாதியில் உதிர்ந்தது. அவன் பொறுமையாக எடுத்து, இரண்டு கிளாஸில் ஊற்றி, தன் கிளாஸை மூக்கருகில் கொண்டுபோனான். எடெல்வினா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நொடி அவன் புருவம் நெரிந்தது. உடனே முகம் நேரானது. ஒரு வாய் குடித்தான்.

"பிரமாதமா இருக்கும்மா" என்றான். "பழைய கொடின்னா பழைய கொடிதான். அப்பாவோட கை தெரியுது."

எடெல்வினா குடித்தாள். தொண்டையில் அரித்துக்கொண்டு இறங்கியது. வாழ்நாள் முழுக்கச் சாலட்டுக்கு ஊற்றிய பொருள் அவளுக்குத் தெரியாதா? புளித்துப்போன சுத்தக் காடி. இத்தனை வருஷம் துடைத்துத் துடைத்து, விளக்கேற்றி, கடைசியில் தானே கெடுத்துவிட்டாள். இனி அந்த வருஷத்துப் பழம் கிடையாது, அவர் கவாத்து செய்த கொடி காய்த்த அந்தக் கடைசிக் குலை எங்கும் கிடையாது. அது ஒரு துக்கம். ஆனால் அதைத் தாண்டி இன்னொன்று அவளை உறுத்தியது.

வாஸ்கோ இன்னொரு வாய் குடித்தான். "ஒயின் கொஞ்சம் காத்துல மூச்சு விட்டா இன்னும் நல்லா வரும்" என்றான். அது அவன் குரல் இல்லை. ஹோட்டலில் எதிரே மேஜையில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பெரிய மனிதரைச் சங்கடப்படுத்தாமல் பேசுகிற குரல். எவ்வளவு அழகாகப் பேசுகிறான். துப்பியிருக்கலாமே. "ஏம்மா, அடுப்பு மேலயா வச்ச, மூளையிருக்கா?" என்று கத்தியிருக்கலாமே. அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், இரண்டு பேரும் அழுதிருப்பார்கள், சிரித்திருப்பார்கள். தன் வீட்டில் இருப்பவன் கத்துவான். வந்து போகிறவன்தான் பிரமாதம் என்பான்.

"வாஸ்கோ."

"சொல்லும்மா."

"இது காடிடா."

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். "தெரியும்மா" என்றான் மெதுவாக.

"பின்ன ஏன் குடிச்ச?"

"நீ இத்தன வருஷமா வச்சிருந்த. உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்."

"உங்கப்பா இருந்திருந்தா என்னையும் புட்டியையும் சேத்து வெளிய எறிஞ்சிருப்பாரு."

அவன் சிரித்தான். நல்ல சிரிப்புதான், ஆனால் அதுவும் பதமான சிரிப்பு. எழுந்து வந்து அம்மாவின் தோளில் கை வைத்தான். அந்தக் கையை உதறவும் அவளுக்கு மனம் வரவில்லை.

"எப்ப கெளம்புற?" என்று கேட்டாள்.

"அடுத்த சனிக்கிழம வரைக்கும் லீவு இருக்கும்மா."

"சின்னவரு கேட்டது?"

"யோசிச்சிட்டுதான் இருக்கேன். நல்ல எடம்மா. அவரும் ரொம்ப நல்ல மனுஷன்."

மறுபடியும் அதே குரல். எடெல்வினா அவன் தட்டில் இன்னொரு துண்டு கறி வைத்தாள். அவன் நன்றி என்றான். அந்த நன்றிகூட அவளுக்குப் புதிதாக இருந்தது.

"நாளைக்கு நான் அந்தப் பக்கம் போறேன்" என்றாள். "உனக்கு லக்சம்பர்க்லயே வேல தோதுபடுது, வேற ஆளப் பாத்துக்கங்கன்னு சின்னவருகிட்ட சொல்லிடறேன்."

சொல்லிவிட்டுத் தலையைத் தூக்காமல் ரொட்டியைப் பிய்த்தாள். நீ ஏம்மா சொல்ற, உன்ன யாரு சொல்லச் சொன்னது என்று அவன் ஒரு அதட்டல் போடுவான் என்று காத்திருந்தாள். ரொட்டி முழுவதும் துண்டு துண்டாகும்வரை காத்திருந்தாள்.

"சரிம்மா" என்றான் வாஸ்கோ.